நூறு கிலோமீட்டர் உயரத்து வெதுவெதுப்பு

வானத்துக்கும் உடம்புச் சூடு உண்டு. நூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்று பேருக்கு மட்டும் இருக்கும் இடத்தில், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகக் கசிந்துகொண்டிருக்கிறது. அதை அளக்க ஒருத்தி ஆறு வருடம் உட்கார்ந்து குடம் அளவில் ஒரு கருவி செய்தாள். கிடைத்தது ஒரே ராக்கெட். மேலே ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு கடலில் விழும்.

சூடான கருவி தன் சூட்டையே பார்க்கும் என்பதால் திரவ ஹீலியத்தில் அதைக் குளிரவைத்து, வாயை மூடியிருந்தார்கள். உயரே போனதும் ஒரு ஸ்பிரிங் மூடியைத் தள்ளிவிட வேண்டும். ராக்கெட் தலைவரோ எடைக்காக மூன்று நாள் மல்லுக்கு நின்றார்.

"இருநூறு கிராம் குறைங்கம்மா."

"நூறு."

"நூத்தம்பது. நீங்களும் அழ வேணாம், நானும் அழ வேணாம்."

பெரிய ஸ்பிரிங் போய்ச் சின்னது வந்தது. மாட்டியவன் அவள் கொழுந்தன்.

"அண்ணி, இது பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கு."

"திறக்குமா, திறக்காதா?"

"திறக்கும். ரொம்ப மரியாதையா திறக்கும்."

வெயில் சாய்ந்ததும் ராக்கெட் கிளம்பியது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பவர்கள்போல் மெல்ல அசைந்தார்கள். எண்பதாவது கிலோமீட்டரில் மூடி திறந்தது. கருவி அனுப்பும் அளவு பதிவாகும் காகிதத்தில் கோடு மலையாக எழுந்தது. எதிர்பார்த்ததைப்போல் நாற்பது மடங்கு.

"வானம் அள்ளிக் கொடுக்குதே," என்றார் தலைவர்.

கேட்டதற்கு மேல் கொடுப்பவரிடம் அவளுக்கு எப்போதுமே சந்தேகம். மலை இரண்டு நொடிக்கொரு தரம் ஏறி இறங்கியது. வானம் அப்படிப் புரண்டு படுக்காது.

"தம்பி, மூடி எங்க?"

கொழுந்தன் குனிந்து கோட்டைப் பார்த்தான். "அங்க தடுக்கக் காத்தே இல்லையே அண்ணி. மெதுவா தள்ளினா... கூடவே வரும்."

வந்துகொண்டுதான் இருந்தது. தரையின் சூட்டைச் சுமந்த உள்ளங்கை அகலத் தகடு, கருவியின் கண்ணெதிரே, எந்த அவசரமும் இல்லாமல் சுழன்றபடி, பூமிக்கு மேலே மிதந்தது. ஆறு வருட உழைப்பு ஒரு மூடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. மூடி இழை இழையாக ஒதுங்கியது. மலை சரிந்து, காகிதத்தின் அடியில் நடுக்கமில்லாத ஒரு நூலாக நின்றது. கருவி அந்த நூறு கிலோமீட்டர் உயரத்தின் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு நொடி. பிறகு அடர்ந்த காற்று, கடல்; கோட்டில் ஒன்றுமில்லை.

"மலையையே காட்டிடலாமே," என்றார் தலைவர் தணிந்த குரலில். "எடுப்பா இருக்கு."

"அது நம்ம மூடி சார். நூலுதான் வானம்."

அந்த முப்பத்தெட்டு நொடியை மட்டும் அவள் கத்தரித்தாள். ஒரு முழம்கூட வரவில்லை. மடிக்க மனமில்லாமல் இரு கைகளிலும் ஏந்தி, வெளியே மிச்சமிருந்த வெளிச்சத்துக்கு எடுத்துப்போனாள்.