கிணற்றில் நழுவிய பை

மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் வரவில்லை. சோணை சுவிட்சை அணைத்தார். விளாங்குடியைத் தாண்டி இருக்கும் அவருடைய மல்லிகைத் தோட்டத்தில் மூன்று நாளாக இதே பாடுதான். வைகாசி வெயிலில் செடிகள் துவண்டு கிடந்தன.

"அடியில தண்ணிய உறிஞ்சுற புட்வால்வ என்னமோ அடச்சிருக்கு தம்பி. நாலு தடவ முங்கிப் பாத்துட்டேன். அம்புட்டு ஆழத்துக்கு மூச்சு நிக்கல. இன்னும் ரெண்டு நாளு போனா செடி செத்துரும்" என்று ரவிசங்கரிடம் சொன்னார். பிறகு மனைவி இருளாயியை முறைத்தார். "எல்லாம் இவளாலதான். துணி அலசுறேன்னு எதையாச்சும் உள்ள விட்டிருப்பா."

இருளாயி கிணற்று விளிம்புக்கு வந்து நின்றாள்.

ரவிசங்கர் முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டான். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவனுக்கு. கடலுக்கடியில் நீந்தக் கற்றவன். கடற்கரை ஊர்களில் ஒரு முங்குக்கு அரை நாள் வரிசையில் நின்று சலித்துப்போய், நண்பன் ஹரிஷ்குமாரோடு மதுரையைச் சுற்றித் தேடியபோது அகப்பட்டதுதான் இந்தக் கிணறு. பளிங்குத் தண்ணீர், பாறை இடுக்கில் கெண்டை மீன்கள். "தாராளமா எறங்குங்க" என்று சோணையும் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, கலர் சோடா பாட்டில்கள் குளிரட்டும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். முடிச்சு நழுவிப் பை மூழ்கியது. "விடு மாப்ள, உள்ள போயி எவன் பாக்கப் போறான்?" என்றான் ஹரிஷ். ரவிசங்கரும் சிரித்தான்.

இப்போது அடியில் விளக்கடித்துப் பார்த்தபோது பாட்டில்கள் சேற்றில் உருண்டு கிடக்க, அந்தப் பைதான் புட்வால்வைச் சுற்றி இறுகியிருந்தது. கிழித்து எடுத்தான். சுருட்டி உடைக்குள் செருகிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னாலோ, இனி இந்தக் கிணற்றில் கால் வைக்க முடியாது. மேலே குற்றவாளியாக நிற்கும் இருளாயியின் முகம் நினைவுக்கு வந்தது. பையைக் கையிலேயே பிடித்தபடி ஏறி வந்தான்.

"அண்ணே, அக்கா மேல தப்பு இல்ல. இது நாங்க போட்டது. யாருக்கும் தெரியாத இடந்தானேன்னு அலட்சியமா விட்டுட்டோம்."

சோணை பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருளாயி கணவன் பக்கம் திரும்பினாள். "மூணு நாளா என்னைய வைஞ்ச வாய் எங்க போச்சு? இப்பப் பேசுறது!"

சோணை தலையைச் சொறிந்துகொண்டு மோட்டாரைப் போடப் போனார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

ரவிசங்கர் ஈரத்தோடு கைகூப்பினான். "மன்னிச்சுருங்கக்கா. இனி இந்தப் பக்கம் வரமாட்டோம்."

"வரவேணாம்னு யாரு சொன்னது? சாமி குடுத்த தண்ணி, நாலு பேரு பாத்துச் சந்தோசப்படத்தான்" என்றாள் இருளாயி. "ஆனா ஒண்ணு தம்பி. யாருக்கும் தெரியாத இடம்னு ஒலகத்துல எதுவுமே இல்ல. ஒங்களுக்குத் தெரியாத எடத்துலயும் யாரோ பொழைச்சுக்கிட்டுத்தான் இருக்காக. அத மனசுல வச்சுக்கிட்டு எறங்குங்க, போதும்."