மழைக்கோட்டில் இருந்த முட்டை

மனைவி இறந்த பிறகு லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்கு வந்த முதல் ஈஸ்டர் அது. ஆலயத்திலிருந்து திரும்பியதும், செருப்பைக் கூடக் கழற்றாமல் மகள் கேட்டாள்: "இந்த வருஷம் முட்டை ஒளிக்கிறது உண்டா, இல்லையா?" இரண்டாம் வகுப்பு படிக்கிறவள். வீட்டில் எதுவும் நின்றுபோவதை அவள் பொறுப்பதில்லை.

"உண்டு. தம்பியக் கூட்டிட்டு பால்கனியில நில்லு. எட்டிப் பார்த்தா ஆட்டம் காலி."

சாயம் பூசிய அவித்த முட்டைகளோடு அவர் வீட்டைச் சுற்றினார். எப்போதும் அது மனைவியின் வேலை. எங்கே ஒளிப்பாள் என்று யாருக்கும் பிடிபடாது. அவருக்கோ சோபா மெத்தைக்கு அடியையும் ஷூவையும் விட்டால் வேறு இடம் தோன்றவில்லை. படுக்கையறைக்குள் மட்டும் போகவில்லை. அங்கே அவளுடைய அலமாரி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் தனியாகத் திரும்பியதிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை.

மகள் வந்த வேகத்தில் பாதி முட்டைகளை அள்ளிவிட்டாள். மூன்று வயது குட்டிப்பயல் போட்டிக்கே வரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று தலையைச் சாய்த்தான். கொஞ்சம் நடந்தான். நின்றான். திரும்பி வேறு பக்கம் போனான். சிரித்தான்.

"யார்கூடடா விளையாடுற?"

அவன் படுக்கையறைக்குள் போய்விட்டான். அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. அவர் ஓடிப் போவதற்குள், தொங்கிய மழைக்கோட்டின் பைக்குள் கையை விட்டு, பொன்னிறத் தாள் சுற்றிய சாக்லேட் முட்டை ஒன்றை எடுத்திருந்தான்.

அவர் சாக்லேட் முட்டை வாங்கவே இல்லை.

"போன வருஷம் கிடைக்காமப் போச்சே, அது!" பின்னால் வந்த மகள் கத்தினாள். "அம்மா கடைசி வரைக்கும் எங்கன்னு சொல்லவே இல்ல!"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று மகனிடம் கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அம்மா சொன்னாங்க. கிட்ட... தூரம்... கிட்ட... இன்னும் கிட்ட..."

முட்டை தேடும்போது மகளோடு மனைவி ஆடிய ஆட்டம் அது. அப்போது இவனுக்குப் பேச்சே வரவில்லை.

"இப்ப எங்கடா இருக்காங்க?"

"போய்ட்டாங்க. கண்டுபிடிச்சாச்சுல்ல."

மகளின் கையிலிருந்த முட்டைகள் தரையில் உருண்டன. "அம்மா எங்கிட்ட ஏன் சொல்லல? நான்தானே பெரியவ?" என்றபடி சமையலறைக்கு ஓடினாள்.

அவர் பின்னால் போனார். அவள் சுவரைப் பார்த்து நின்று, தணிந்த குரலில், "கிட்டவா? தூரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குளியலறையில். பிறகு பால்கனியில். பாவாடை ஓரத்தைக் கசக்கியபடி ஒவ்வோர் இடத்திலும் காத்திருந்தாள். வீடு வாய் திறக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் அவர் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் சொன்னார்:

"கிட்ட."

அவள் திரும்பினாள். "அது நீங்கப்பா."

"ஆமாம்மா."

"அம்மா மாதிரி சொல்ல உங்களுக்கு வரல."

"வரலதான்."

அடக்கத்தன்று கூட அழாதவள், அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவர் மழைக்கோட்டை எடுத்து வந்து போர்த்திவிட்டார். அது தரையில் புரண்டது. குட்டிப்பயல் அதற்குள் சாக்லேட்டில் பாதியைத் தின்று வாயெல்லாம் பூசியிருந்தான். மீதியை அக்காவிடம் நீட்டினான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கித் தின்றாள்.

மத்தியானம் இருவரும் தூங்கியபோது, அவர் ஒவ்வோர் அறையாகப் போய் நின்றார். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு, நெடுநேரம் நின்றார்.