மூன்று தரம் அலசிய கேன்

மூணுதரம் என்பது பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர். பூச்சிமருந்து கேன்களைக் கழுவி அரைக்கும் பட்டறை அது. அங்கே அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. "கால் பங்கு தண்ணி ஊத்து, மூடி போட்டுக் குலுக்கு, தொட்டியில கவுத்து. மூணு தரம்." வயலில் தெளித்து முடித்து அனுப்பும் காலி கேன் எதுவும் அவனிடமிருந்து தப்பியதில்லை. கழுவிய கையோடு கூர்க்கம்பியால் அடியில் ஒரு குத்து. ஓட்டை விழுந்த கேனில் யாரும் எதையும் ஊற்றிவைக்க முடியாது. அதற்குத்தான் அந்தக் குத்து. பிறகு அது அரவை இயந்திரத்தில் சில்லாகி, சாக்கடைக் குழாய் செய்கிற இடத்துக்குப் போகும்.

பட்டறையோடு விட்டானா என்றால் இல்லை. அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும். ராத்திரி தட்டில் கை வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவான். "நான் கழுவின கேன் பக்கத்துல கடையில வாங்கின புதுக் கேன் நிக்க முடியாதுக்கா." பஸ் ஓட்டும் மாமா கொட்டாவி விடுவார். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். தம்பி எதில் கெட்டிக்காரனாக இருந்தாலும் அவளுக்குப் பெருமைதான், கேன் கழுவுவதில் இருந்தால் மட்டும் என்ன குறைச்சல்?

அந்த அக்காவிடம் ஒரு பலவீனம் உண்டு. மூடி இறுக்கமாக இருக்கிற டப்பாவைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அன்று மதியம் அவள் சாப்பாடு கொண்டுவந்தபோது அவன் ஒரு வெள்ளைக் கேனைக் கழுவி முடித்திருந்தான். குத்த வேண்டியதுதான் பாக்கி. "ஆறிப்போகுதுடா, வந்து உக்காரு" என்று அவள் அவசரப்படுத்தினாள். கழுவியதும் குத்தாமல் நகரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன், அன்று கேனை வெயிலில் கவிழ்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டான். அக்காவை அனுப்பி, வந்த லோடை இறக்கிவிட்டுத் திரும்பினால் கேனைக் காணோம். நல்ல கைப்பிடி, நல்ல மூடி. எடுத்தது யார் என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த வீட்டில் யாராவது அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டால்?

கம்பியும் கையுமாகச் சைக்கிளை மிதித்தான். வீட்டுக்குள் நுழையும்போது, டூட்டி முடிந்து வந்த மாமா தம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒரே தட்டு. தம்ளர் ஒரு பக்கம், தண்ணீர் மாமாவின் சட்டையில்.

"ஏன் மாப்ள, சொந்த வீட்டுல தண்ணி குடிக்க உங்கிட்ட கேக்கணுமா?"

அவன் சமையலறைக்குள் பாய்ந்தான். அங்கே மூன்று வெள்ளைக் கேன்கள் வரிசையாக நின்றன, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மாவு. அச்சு அசலாக மூன்றும் ஒன்றே. மண்டியிட்டு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். எதிலும் மருந்து வாடை இல்லை. எப்படி இருக்கும்? கழுவியவன் அவனாயிற்றே. தன் கைவேலையின் மேல் அவனுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்ததே இல்லை.

"அக்கா, இதுல பட்டறைக் கேன் எது?"

"இதெல்லாம் கடையில வாங்கினது" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சுவரைப் பார்த்துச் சொல்கிறவளை எவன் நம்புவான்? தண்ணீர் கேனில் ஒரு குத்து. எண்ணெய் கேனில் ஒரு குத்து. தடுக்க ஓடிவந்த மாமா எண்ணெயில் கால் வைத்து, நடு அறையில் சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்தார். அக்கா மாவுக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துடா. அது இங்க இல்ல."

உள்ளே போய், அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய துண்டில் சுற்றிய கேனை எடுத்து வந்தாள்.

"எதுக்குக்கா இதை எடுத்த?"

"உனக்குத்தான். அந்தக் குட்டி பாட்டில்ல தண்ணி கொண்டுபோற. மதியத்துக்குள்ள தீந்துபோய் நாக்கு வறண்டு நிக்கிற, நான் பாக்கறேன்ல? நாளைக்கு இதுல நிரப்பித் தரலாம்னு இருந்தேன். வேற யாரு கழுவினதா இருந்தாலும் தொட்டிருக்கவே மாட்டேன்."

அவன் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னான்: "பிளாஸ்டிக் மருந்தைக் குடிச்சு வச்சிருக்கும்க்கா. நான் எத்தனை கழுவினாலும் உள்ள ஊறினது முழுசாப் போகாது. அரைக்கறதுக்குத்தான் என் சுத்தம் போதும். குடிக்கறதுக்குப் போதாது."

"அப்போ தினம் தினம் சொன்னதெல்லாம்?"

"பெருமைக்குச் சொன்னேன்."

அக்கா கேனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அவன் கம்பியை ஓங்கினான். கை இறங்கவில்லை. வாழ்க்கையில் அவனுக்கென்று ஒருவர் எடுத்துவைத்த பொருள் அது ஒன்றுதான்.

"எண்ணெயைக் குத்தும்போது இந்த யோசனை வரலையா மாப்ள?" என்று கீழேயிருந்து கேட்டார் மாமா.

அக்கா அவன் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினாள். அவனைவிட ஓங்கியே குத்தினாள். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளையிலேருந்து ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போ" என்றாள்.