நூறில் மூன்று

பதினொரு வருஷமாகப் பார்சல் பிரிவில் இரும்புத் தண்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றிச் சுற்றி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. எந்திரம் ஓட்டுகிற வேலையில் அடுத்த வருஷம் ஒரே ஒரு இடம் காலியாகும், சான்றிதழோடு வருகிறவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைப்போம் என்று தொழிற்சாலையில் அறிவித்தார்கள். மறுநாளே சமுதாயக் கல்லூரியில் உற்பத்தித் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்துவிட்டாள். நாற்பது வயதில் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பியவளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே.

கூடவே கொழுந்தனும் சேர்ந்தான். படித்தான் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. வருகைப் பதிவுக்குத் தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவான். வகுப்பில் அவனுக்கு விருந்தாளி என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்லூரித் தேர்வன்றுகூட அவனுக்காக எந்திரத்தில் அளவைத் தட்டிக் கொடுத்தவள் அண்ணிதான்.

அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி லேத். அதே தொழிற்சாலை வேண்டாமென்று கழித்துக் கட்டியது. நெற்றியில் ‘அன்பளிப்பு’ என்று பித்தளைத் தகடு வேறு. என்ன அளவு கொடுத்தாலும் மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு தடிமனாகவே கடையும். திருத்தம் பதிந்து வைத்தால், அணைத்ததும் அழிந்துபோகும். பழுது பார்க்க ஆள் வரவேயில்லை.

“இதோட குணம் இது. மூணு குறைச்சே போட்டுடுங்க” என்று முதல் வாரமே வாத்தியார் சொல்லிவிட்டார்.

ஒரு வருஷம், ஒரு நாள் தவறாமல், குறைத்தே போட்டாள். இருபத்தைந்து வேண்டுமென்றால் விரல் தானாகவே இருபத்து நான்கு புள்ளி தொண்ணூற்றேழைத் தட்டும். நோட்டில் அதை எழுதிக்கொள்ளவில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா?

தொழிற்சாலைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது விருந்தாளி வந்து நின்றான்.

“அண்ணி, உங்க நோட்ட ஒரு வாரம் குடுங்களேன்.”

கொடுத்தாள். எப்படியும் இவன் தேறப்போவதில்லை என்ற தைரியம்தான், பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை.

தேர்வில் முதலில் அவள். புது எந்திரம். தண்டு கண்ணாடியாக மின்னியது. சூப்பர்வைசர் அளந்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தார்.

“மூணு குறையுதேம்மா.”

அப்போதுதான் உறைத்தது. அவள் தட்டிய எண் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தடிமனாக இருந்தாலாவது இன்னொரு சீவு சீவலாம். குறைந்துபோனதை ஒட்டவா முடியும்?

“காலேஜ் மெஷின்ல அப்படித்தான் சார் போடணும். நீங்க குடுத்த மெஷின்தான் சார் அது.”

“இது நல்ல மெஷின்மா” என்றார் அவர், மனசு நோகாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அடுத்து விருந்தாளி. வரைபடத்தில் இருபத்தைந்து என்றிருந்தது, இருபத்தைந்து என்று போட்டான். குறைக்கிற சங்கதி தெரிந்திருந்தால்தானே குறைப்பான்? வேலை அவனுக்கு.

சாயங்காலம் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை.

“இந்த நோட்டு இல்லேன்னா எனக்கு ஏது அண்ணி வேலை?”

“அதுல எதையாவது விட்டிருந்தேனா?”

“ஒண்ணுமே விடல. எல்லாம் சரியா இருந்துச்சு.”

திங்கட்கிழமை அவன் கடைந்த தண்டுகள் அவள் மேஜைக்கு வந்தன. அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படிப்புக்கென்று வாங்கிய மைக்ரோமீட்டரைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றிலாவது பிழை இருக்காதா என்று ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் இருபத்தைந்து. எண்ணெய்த்தாளை இழுத்து, முதல் தண்டைச் சுற்றத் தொடங்கினாள்.