கிளியம்மாளின் இரண்டு தலைவலிகள்

கங்காவுக்கு டைம் ஆபீஸில் வேலை. ஒரகடம் ரோட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஷெட்தான் கம்பெனி. மோட்டார்களுக்குள் போகும் செம்புக் கம்பியை அறுபது பெண்கள் அங்கே காயிலாகச் சுற்றினார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவது கங்காவின் பொறுப்பு. முதலுதவிப் பெட்டியின் சாவியும் அவளிடம்தான் இருந்தது. காயத்துக்குப் பஞ்சு, வயிற்று வலிக்கு ஒரு பாட்டில், தலைவலிக்கு மாத்திரை.

கிளியம்மாள் வடக்குப்பட்டிலிருந்து வருவாள். வயது முப்பத்தைந்து இருக்கும். அந்த ஷெட்டில் அவளைப் போல வேகமாகச் சுற்றுகிறவர் யாருமில்லை. அவளுடைய மேஜையிலிருந்து காயில் நகர்ந்தால்தான் அடுத்த மூன்று மேஜைக்கு வேலை. மாதத்தில் இரண்டு தடவை அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். இடது பொட்டில் அடிக்க ஆரம்பித்தால் வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. வாந்தி எடுப்பாள். ஸ்டோர் ரூமில் சாக்கை விரித்து மத்தியானம் வரை சுருண்டு கிடப்பாள்.

தொண்ணூற்றொன்று பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள், சூப்பர்வைசர் ஸ்ரீதர் டைம் ஆபீஸுக்கு வந்தார்.

"ஏம்மா கங்கா, அந்தம்மா படுத்துட்டா லைனே படுத்துடுது. படுக்க வுடாதீங்க. மாத்திரை குடுத்து உக்கார வைங்க. உங்க பர்மனன்ட் விஷயம் ஆபீஸ்ல பேசிக்கினு இருக்கேன். இதெல்லாம்தான் அவங்க பாப்பாங்க."

கங்கா மாத்திரை கொடுத்தாள். வலிக்கு அது கேட்டது. அரை மணியில் கிளியம்மாள் எழுந்துபோய் மேஜையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறும்போது கங்காவின் கையைப் பிடித்து, "மவராசி நீ" என்றாள்.

மாதத்துக்கு இரண்டு என்றிருந்தது வாரத்துக்கு இரண்டானது. சித்திரையில் தினமும் ஆனது. காலையில் வேனை விட்டு இறங்கியதும் கிளியம்மாள் நேராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டுவாள். வலி வந்துவிட்டதா என்று கங்காவும் கேட்பதில்லை, வந்துவிடப் போகிறது என்று அவளும் சொல்வதில்லை. மத்தியானம் இன்னொன்று.

அந்தச் சித்திரையில்தான் ஒருநாள் காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடப் போன கங்கா, அதன் பின்பக்கத்தைப் படித்தாள். பொடி எழுத்து இங்கிலீஷ். டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து பல நாள் சாப்பிடக் கூடாது என்றிருந்தது. பி.யூ.சி. வரை படித்தவள் அவள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் கிளியம்மாள் குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆடியில் ஒரு தடவை கிளியம்மாளே கேட்டாள். "இன்னா கங்கா, தெனம் வருது. ஆஸ்பத்திரிக்கி ஒரு நட போய்ட்டு வரட்டா?"

"எதுக்குக்கா? வெயில்தான். மழ வந்தா சரியாயிடும்."

பர்மனன்ட் கடிதம் அடுத்த வாரம் வந்தது. அம்மா கேசரி கிண்டினாள். கங்காவுக்கு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி ஞாயிறு வரை லீவு. சனிக்கிழமை காலை, சேரப்பணஞ்சேரியில் தன் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த கங்கா நிமிர்ந்து பார்த்தாள். தலையில் ஈரத்துணி கட்டியபடி கிளியம்மாள் நின்றாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. கையில் செருப்பு. காலில் மாட்டியிருந்தால் தரை அதிர்வது தலைக்கு ஏறுகிறதாம்.

"ரெண்டே ரெண்டு குடு கங்கா. மூணு நாளா உயிர் போவுது. பொட்டிக் கடையில வாங்கனது ஒண்ணும் கேக்கல. உன்னாண்ட கீறதுதான் கேக்கும்."

கங்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றினாள். "வாக்கா, டாக்டராண்ட போலாம்" என்று சொல்லும்போது அவளால் கிளியம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டும் வரை கிளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மா. அவர் அவசரப்படவில்லை. பிரஷர் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், கோட்டின் மேல் நடப்பது போல நடக்கச் சொன்னார். எந்தப் பக்கம் வலிக்கும், வாந்தி உண்டா, தூக்கம் எத்தனை மணி, காலையில் சாப்பிடுவதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் டீ மட்டும் என்றாள் கிளியம்மாள். வேனைப் பிடிக்க வேண்டுமே.

"மாசத்துல எத்தன நாள் மாத்திரை போடுவீங்க?"

"தெனந்தான். ரெண்டு. செல நாள் மூணு."

"யார் குடுத்தாங்க தினமும்?"

கங்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிளியம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் வாங்கிப் போட்டுக்கினேன் டாக்டரம்மா."

கங்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு ரெண்டு தலைவலி இருக்கும்மா" என்றார் டாக்டர். "ஒண்ணு, ஆரம்பத்துல இருந்து வர்ற ஒத்தத் தலைவலி. இன்னொண்ணு, இந்த மாத்திரையால வந்தது. தெனம் போட்டுப் போட்டு ஒடம்பு அதுக்குப் பழகிடுச்சி. அது எறங்கினதும் திரும்ப வலிக்கும், நீங்க திரும்பப் போடுவீங்க. இத நிறுத்தணும். மொதல் பத்து நாள் இப்ப இருக்கறதவிட மோசமா இருக்கும். தாங்கிட்டீங்கன்னா எறங்கும்."

மூச்சிளைப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு, ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அது வலியைப் போக்க அல்ல, வராமல் தடுக்க. பட்டினி கிடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஒரே நேரத்துக்குப் படுத்து எழ வேண்டும். வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். வலி மாத்திரை, அதுவும் பிறகுதான், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கிடையாது. "திடீர்னு இடி விழுந்த மாதிரி வலிச்சா, கைகால் வரலைன்னா, பேச்சு கொழறினா, காய்ச்சலோட கழுத்து மடங்கலைன்னா வீட்ல வச்சிக்கினு இருக்காதீங்க. ஒடனே வந்துடணும்."

கங்கா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதுவதற்கு மட்டும் அவள் கை சரியாக வேலை செய்தது.

பதினோரு நாள். வடக்குப்பட்டில் கிளியம்மாளின் வீட்டு ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டி இருட்டாக்கியிருந்தார் அவள் புருஷன் மண்ணாங்கட்டி. கங்கா தினமும் ஷிப்ட் முடிந்ததும் போய் ரசமும் சோறும் ஆக்கி வைத்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் கிளியம்மாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, ஒன்றே ஒன்று கொடு என்று அழுதாள். கங்கா கொடுக்கவில்லை. "கூடப் பொறந்த தங்கச்சி கூட இப்டி பாத்துக்காதும்மா" என்று மண்ணாங்கட்டி சொன்னது, அன்றைக்கு வீடு வரைக்கும் அவளோடு வந்தது.

பன்னிரண்டாம் நாள் கிளியம்மாள் வெளியே வெளிச்சத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் வற்றியிருந்தது, ஆனால் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கங்காவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கங்காவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, தெனம் போடக் கூடாதுன்னு அட்டையில எழுதியிருந்திச்சி. நான் படிச்சேன்."

கிளியம்மாளின் கை கீரையில் நின்றது. "எப்ப?"

"சித்திரையில."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போவட்டான்னு கேட்டது ஆடியில."

"ஆமா."

"தெரிஞ்சிக்கினேதான் வெயில்னு சொன்ன."

"ஆமாக்கா. வேல பர்மனன்ட் ஆவணும்னு..."

கிளியம்மாள் ஆய்ந்த கீரையைத் தள்ளி வைத்தாள். "டாக்டரம்மா கேட்டப்ப உன்ன நான் காட்டிக் குடுக்கல. நீ வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே சோறாக்க வராத கங்கா. நானே ஆக்கிக்குவேன்."

திங்கட்கிழமை கங்கா ஸ்ரீதரிடம் போய், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் யாருக்கும் மாத்திரை கொடுக்கமாட்டேன் என்றாள். காலையில் பத்து நிமிஷம் சாப்பிட விட வேண்டும், கிளியம்மாளின் தலைக்கு மேலே படபடவென்று அடித்துக்கொள்ளும் டியூப் லைட்டை மாற்ற வேண்டும் என்றும் கேட்டாள். ஸ்ரீதர் கத்தினார். சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார். "குடுங்க சார். அவங்களுக்கும் டாக்டர் சொன்னத நான் சொல்லுவேன்" என்றாள். டியூப் லைட் மாறியது. அந்தப் பத்து நிமிஷம் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. சாவி அவளிடமே இருந்தது.

கிளியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். கார்த்திகையில் அவளுக்கு மூன்று நாள்தான் தலைவலி. இதை மண்ணாங்கட்டி வேன் நிறுத்தத்தில் சொல்லித்தான் கங்காவுக்குத் தெரியும். டாக்டரிடம் இப்போது புருஷனோடுதான் போகிறாள். கையெழுத்துப் போட மட்டும் ஜன்னலுக்கு வருவாள். சாப்பாட்டு நேரத்தில் முதுகு காட்டி உட்காருவாள். கங்கா தன் டப்பாவைத் தனியே திறந்தாள். அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

மார்கழியில் ஒருநாள் மாரி என்கிற பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து மாத்திரை கேட்டாள். இந்த மாதம் எத்தனை நாள் வலித்தது, எந்தப் பக்கம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கங்கா கேட்க ஆரம்பித்தாள்.

மாரிக்கு எரிச்சல் வந்தது. ஷெட்டைப் பார்த்துத் திரும்பி, "இன்னாக்கா இது, ஒரு மாத்திரைக்கி போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேக்குது இந்தம்மா" என்றாள்.

கிளியம்மாள் கம்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கேட்டா சொல்லேண்டி. அவ கேக்காத வுட்டாத்தான் தப்பு."