பெரிய மாப்பிள்ளையின் கட்டைவிரல்

எனக்கு இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். இரண்டு பேரும் டாக்டர்கள். கேள்விப்படுகிறவர்கள் என்னைக் கொடுத்து வைத்தவர் என்பார்கள். அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை அவர்கள் பார்த்ததில்லை.

பெரியவர் மூட்டு, சின்னவர் நெஞ்சு. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். சின்னவர் நெஞ்சைத் திறந்து இதயத்தைத் தைத்து மூடுகிறவர். பெரியவர் முடக்குவாதத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அது கைவிரல் கணுக்களில் வீக்கமாக ஆரம்பித்து, விட்டால் விரல்களைக் கோணலாக்கிவிட்டுத்தான் ஓயும்.

பெரியவரின் ஆராய்ச்சிக் கருவி அவருடைய வலது கட்டைவிரல். நோயாளியின் ஒவ்வொரு மூட்டையும் தன் நகம் வெளுக்கும் வரை அழுத்துவார். அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட அழுத்த மாட்டார். அப்படி அழுத்தி அழுத்தி அந்த விரலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. யாருக்குக் கை கொடுத்தாலும் குறுக்கே ஒரு பிடி பிடித்துப் பார்த்துவிடும். ஒரு முறை வங்கிக் கதவின் கைப்பிடியைத் தொட்டவர், "இதுக்கு முன்னாடி திறந்தவருக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு மாமா" என்றார். உள்ளே மேனேஜர் மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை துணிக்கடை வாசலில் நின்ற பொம்மைக்குக் கை கொடுத்துவிட்டு, "இவங்களுக்கு நோய் இல்ல. வெறும் விறைப்புதான்" என்றார். நான் கூடவே இருந்தேன். பொம்மை மறுத்துப் பேசவில்லை.

அவருக்கும் ஒரு வலி இருந்தது. அதை எந்த மூட்டிலும் அழுத்திப் பார்க்க முடியாது. சின்னவரை யாராவது புகழ்ந்தால் போதும், வயிறு பற்றிக்கொள்ளும்.

நியாயம் கொஞ்சம் அவர் பக்கமும் இருந்தது. சின்னவரின் நோயாளி படுத்தபடி உள்ளே போவார், நடந்து வெளியே வருவார். மறுநாள் பழக்கூடை வரும். பெரியவரின் நோயாளி சாகவும் மாட்டார், முழுசாகக் குணமாகவும் மாட்டார். வருஷக்கணக்காக வந்து, "ஏதோ இருக்கேன் டாக்டர்" என்பார். ஏதோ இருப்பதற்கு யார் பழம் கொடுப்பார்கள்? சின்னவர் வீட்டில் தின்று மாளாத கூடைகளைச் சின்ன மகள் அக்கா வீட்டுக்கு அனுப்பி வைப்பாள். பெரியவர் அதிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து, நகம் வெளுக்கும் வரை அழுத்தி, "உள்ள அழுகல்" என்று கீழே வைப்பார்.

என் மனைவிக்கு முழங்கால் வலி வந்தபோது பெரியவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவள் சின்னவருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நான் மூட்டு டாக்டர்" என்றார் பெரியவர்.

"அது தெரியும் மாப்பிள்ளை. நான் பெரிய டாக்டர்கிட்ட கேக்கலாம்னு பார்த்தேன்."

அன்று மாலை என்னிடம் புலம்பினார். "குழந்தைகளுக்கு வர்ற காய்ச்சல் ஒண்ணு இருக்கு மாமா. மூட்டுலதான் ஆரம்பிக்கும். நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இதய வால்வைக் கெடுத்துக்கிட்டு அவன்கிட்ட போயிடும். நோய்க்குக்கூட என்கிட்ட இருக்கப் பிடிக்கல."

அதனால் சின்னவருக்குக் கை கொடுப்பதைப் பெரியவர் எப்போதோ நிறுத்திவிட்டார். தூரத்தில் பார்த்ததுமே கும்பிட்டுவிடுவார். சின்னவரும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிடுவார். எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் சின்னவருக்கு விருது கொடுத்தார்கள். அரங்கம் நிறையக் கூட்டம். பாதிப் பேர் அவர் தைத்த இதயத்தோடு வந்து கைதட்டினார்கள். பெரியவர் தன் கைகளைப் பாக்கெட்டில் வைத்திருந்தார். பெரிய மகள் முழங்கையால் இடித்தாள்.

"போய்க் கை குடுங்க. எல்லாரும் பாக்கிறாங்க."

"வீட்டுல குடுத்துக்கலாம்."

"வீட்டுல என்னிக்குக் குடுத்தீங்க?"

மேடையேறினார். சின்னவர் கையை நீட்டினார். இந்த முறை கும்பிட இடமில்லை, அவ்வளவு நெருக்கத்தில் நின்றார். பெரியவர் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. போட்டோ எடுப்பவர் முன்னால் வந்து எடுத்தார், பக்கவாட்டில் வந்து எடுத்தார், லென்ஸை மாற்றி எடுத்தார். அப்போதும் விடவில்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க, எவ்வளவு பாசம்."

நான் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது.

பெண்கள் விருந்துக்குத் தங்கிவிட்டார்கள். பெரியவர் என்னை வீட்டில் விடக் கிளம்பினார். தெருமுனை தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"மாமா, அவனுக்கு வந்திருக்கு."

"என்ன?"

"என் நோய்."

என் வீடு, என் கார் என்பது போலச் சொன்னார்.

"கணு ரெண்டுல வீக்கம். பிடிச்சதும் முகம் சுளிச்சான், மேடைங்கிறதால அதைச் சிரிப்பா மாத்திக்கிட்டான். புத்தம் புதுசு மாமா. என்கிட்ட வர்றவங்க எல்லாம் விரல் கோணின பிறகுதான் வருவாங்க. இப்படி ஒரு ஆரம்பத்தைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். அதுவும் அவனுக்குத்தான் கிடைச்சிருக்கு."

"சொல்லாம விட்டா?"

"விரல் கோணும். கத்தி பிடிக்க முடியாது."

"பழக்கூடை?"

"நின்னுடும்."

சிக்னல் சிவப்பில் நின்றோம். பெரியவரின் உதட்டோரத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. அது சிரிப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் நின்ற பேருந்திலிருந்து ஒருவர் இறங்கி, நடந்தே வீடு போய்ச் சேர்ந்து, மாடியில் விளக்குப் போட்டதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஆரம்பத்துலயே மருந்து குடுத்தா எலும்பு அரிக்காது" என்றார் கடைசியில். "தள்ளிப் போட்டா அரிச்சது அரிச்சதுதான். இதைத்தான் மாமா நான் வாழ்நாள் பூரா எழுதிக்கிட்டிருக்கேன்."

"அதெல்லாம் யாரு மாப்பிள்ளை படிக்கிறாங்க?"

கொஞ்சம் யோசித்தார்.

"நான் படிச்சிருக்கேன்" என்று வண்டியைத் திருப்பினார்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சின்னவர் தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உள்ளங்கைகளால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாட்டிலை மேஜைக்கடியில் தள்ளினார்.

"காலையில எழுந்ததும் கை மடங்குதா சகலை?" என்றார் பெரியவர்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. இன்னிக்கு எல்லாரும் கை குலுக்கினாங்க, அதான்."

"சட்டைப் பட்டன் போட முடியுதா?"

சின்னவர் தன் சட்டைப் பட்டன்களைக் குனிந்து பார்த்தார். மூலையில் நின்ற என் சின்ன மகள் சொன்னாள். "நான்தான் போட்டு விடறேன் மாமா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"இப்ப சொல்லிட்டியே" என்றார் சின்னவர்.

"அவராத்தானே கண்டுபிடிச்சாரு."

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்து, மூட்டு மூட்டாக அழுத்தினார். "என்கிட்ட ஏன் வரல?"

"என் பேஷன்ட் மயக்கத்துல படுத்திருப்பான். என் கையைப் பார்த்ததுகூட இல்ல. குணமானதும் போயிடுவான். உங்ககிட்ட வர்றவங்க உங்களோட சேர்ந்தே கிழடாகிறாங்க, உங்க பையனுக்குப் பிறந்தநாள் எப்பன்னு கேக்கிறாங்க. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல். அதான், உங்க வரிசையில வந்து உட்கார மனசு வரல."

பெரியவர் அழுத்துவதை நிறுத்தினார். தன்னைப் பார்த்தும் ஒருத்தன் வயிறெரிந்திருக்கிறான் என்ற செய்தி உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும், இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்கு வந்து வரிசையில உட்காரு" என்றார். "டோக்கன் எடுக்கணும்."

வந்து உட்கார்ந்தார். மருந்து கேட்டது. கொஞ்ச நாள் கத்தியைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி நெஞ்சைத் திறந்தார், மூடினார். பழக்கூடைகள் வந்தன. என் மனைவி எல்லோரிடமும், "சின்னவர் கை ராசியான கை, அதுக்குத் தானாவே சரியாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதோடு முடிந்திருக்கலாம். மூட்டு டாக்டர்கள் கூடிய மாநாட்டில் பெரியவர் தன் ஆராய்ச்சியைப் படித்தார். கூட்டத்தில் பாதி காபி குடிக்கப் போயிருந்தது. அடுத்து, நோய் வந்தும் விடாமல் அறுவை செய்யும் டாக்டர் என்று சின்னவரைப் பேசக் கூப்பிட்டார்கள். காபி குடித்தவர்கள் கோப்பையோடு ஓடி வந்தார்கள். அவர் பேசி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் கடைசியாக எழுந்தார்.

நேராக மேடையேறினார். கையை அவரே நீட்டினார். பிடித்தார், விடவில்லை. போட்டோ எடுப்பவர் லென்ஸை மாற்றத் தொடங்கினார்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"சுத்தமா வீக்கம் இல்ல மாமா" என்றார். "ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டேன்."