ஓஷியோஸுக்கு மூன்று வாக்கியங்கள்

மாதாப்பூரில், ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தரும் செயலி நடத்தும் ஒரு நிறுவனத்தில் தாரிணிக்கு வேலை. ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். அதை வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதித் தர வேண்டும். அவை வரதராஜனிடம் போகும். அவர் சரி என்றால்தான் செயலியில் ஏறும்.

வரதராஜனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்துக்காரர். போலாரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். பள்ளியில் ஆங்கிலம் நடத்திய பழக்கம். எதையும் லேசில் விடமாட்டார். ஒரு திங்கட்கிழமை தாரிணியின் பதினோரு வாக்கியங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். வாக்கியங்களைச் சரிபார்க்கப் புதிதாக வந்த மென்பொருள் அத்தனைக்கும் ஏற்கெனவே சரி போட்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்து வந்த சொல் ‘ஓஷியோஸ்’. ஓய்வைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தில் ‘இருந்தும் பயனில்லாத’ என்ற பொருளில் வந்து நின்ற சொல். அகராதிக்கு வெளியே அதைத் தொடுகிறவர்கள் குறைவு. முதல் இரண்டு வாக்கியங்களைத் தாரிணி ஒழுங்காகத்தான் எழுதினாள். மூன்றாவதாக, ‘மென்பொருள் வந்த பிறகு வரதராஜனின் நாற்காலி ஓஷியோஸ் ஆகிவிட்டது’ என்று ஆங்கிலத்தில் அடித்தாள். பக்கத்து இருக்கை ஹர்ஷிதாவிடம் காட்டினாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெயரை மாற்றிவிட்டு அனுப்பலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் மறந்துபோய் மூன்றையும் அப்படியே அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, குகட்பள்ளியில் மெட்ரோ ஏறி நின்றபடியே செயலியைத் திறந்தாள். இன்றைய சொல்: ஓஷியோஸ். கீழே அந்த வாக்கியம், அந்தப் பெயரோடு.

அலுவலகம் வந்ததும் பழைய பதிவைத் தேடினாள். செவ்வாய்க்கிழமையே வரதராஜன் பார்த்திருந்தார். பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்: ‘இந்தச் சொல் ஆட்களுக்கு அதிகம் வருவதில்லை. பேச்சு, விதி, பொருள் இவற்றுக்கே வரும். இங்கே நாற்காலிக்கு வந்திருப்பதால் பயன்பாடு சரி.’

மதியம் கேன்டீனில் அவர் தனியாக டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். தாரிணி எதிரே போய் நின்றாள்.

“சார், அந்த ஓஷியோஸ் வாக்கியம்... நான் வேணும்னுதானுங்க எழுதினேன். கோபத்துல. தப்புங்க சார்.”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏனுங்க சரின்னு போட்டீங்க?”

“வாக்கியத்துல தப்பில்லையே. என் பேர் இருக்குன்னு திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?” மூடியைத் துடைத்து ஓரமாக வைத்தார். “என் ஒய்ஃப் நீலா தினம் காலைல நம்ம ஆப்பைப் படிப்பா. இன்னிக்கு, ‘இது வேற வரதராஜனா?’ன்னு கேட்டா. ஹவ், ஆமா, வேற ஆள்தான்னு சொல்லிட்டேன்.”

தாரிணி அங்கிருந்து கிளம்பினாள். நேரே மேலாளர் அனுபமாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அனுபமா சிரித்துவிட்டு, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், மாற்றிவிடு என்றாள். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, ஓர் அறிக்கையின் கடைசிப் பத்தி ஓஷியோஸ் என்று தாரிணி புதிதாக எழுதினாள். இரண்டே நிமிடத்தில் வரதராஜனிடமிருந்து சரி என்று வந்தது.

அதன் பிறகு அவளுடைய வாக்கியம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தன் எழுத்து தேறிவிட்டது என்றே கொஞ்ச நாள் நினைத்தாள். ஒருநாள் செயலியில் தன் வாக்கியம் ஒன்றைப் படித்தாள். அது அவள் எழுதியபடி இல்லை. பழைய பதிவுகளைத் துழாவினாள். பதினேழு வாக்கியங்களை அவரே திருத்தி, ஒரு குறிப்புகூட எழுதாமல் ஏற்றியிருந்தார்.

அன்று மாலை, ஸ்கூட்டர் சாவியோடு கிளம்பியவரை லிஃப்ட் அருகே நிறுத்தினாள்.

“சார், பழையபடி எனக்கே திருப்பி அனுப்புங்க.”

“நக்கோம்மா, வேணாம். உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நானே பார்த்துக்கறேன்.”

குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய், அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க போங்க சார்,” என்று சொல்லிவிட்டு, ஆறு மாடியையும் தாரிணி படியில் இறங்கினாள்.